பேசாத ‘இ’: பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலை ஐந்தரைக்கு என் வீட்டு முன்னறையில் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் டியூஷனுக்கு வந்து உட்காருவார்கள். ஏழு மணிக்கு அழைத்துப்போக வருகிறவர்கள், செருப்பு ஜோடி தேடிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள். அதில் பெரும்பாலும் இந்த ஒரே எழுத்தைப் பற்றித்தான் வரும்: ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வந்து நின்றுகொண்டு வாயே திறக்காத ‘இ’. வாசலில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே, நடுவில் கோடு போட்டு எழுதுகிறேன்: பி-ஐ-என், பின். இப்படி எழுதினால் ‘பி’, ‘டி’ இரண்டும் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பொதுவாகிவிடும். எந்தப் பி, எந்த டி என்பதைச் சொல்லின் பொருளை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சைலன்ட் இ என்றால் என்ன? பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

பி-ஐ-என் என்றால் பின், துணியில் குத்துவது. கடைசியில் ஒரு இ சேர்த்தால் பைன், கொடைக்கானலில் வரிசையாக நிற்கிற மரம். அந்த இ-க்கென்று ஓர் ஓசை இல்லை. ஆனால் அது வந்து நின்றதும், நடுவில் ‘இ’ என்று குறுகி ஒலித்துக்கொண்டிருந்த ஐ என்ற எழுத்து, ‘ஐ’ என்று தன் பெயரையே சொல்லத் தொடங்கிவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

பிள்ளைகளிடம் நான் வகுப்பறைக் கதை ஒன்று சொல்வேன். கடைசியில் நிற்கிற இ, வருகைப்பதிவு எடுக்கிற டீச்சர். டீச்சர் பேச மாட்டார், விரலை மட்டும் நீட்டுவார். நடுவில் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து தன் பேரைச் சொல்ல வேண்டும். ‘ஏ’ இருந்தால் ஏ என்று, ‘ஐ’ இருந்தால் ஐ என்று, ‘ஓ’ இருந்தால் ஓ என்று. பள்ளிகளில் ‘மேஜிக் இ’ என்று சொல்லிக்கொடுத்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றிப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ‘இ வந்தால் குறில் நெடிலாகும்’ என்று தமிழ் இலக்கணத்தைக் கொண்டுவராதீர்கள். சொன்னதும் புத்திசாலிப் பிள்ளை பைனை ‘பீன்’ என்று படிக்கும். அதன் கணக்கு சரிதான்: தமிழில் இ-க்கு நெடில் ஈ. ஆங்கிலத்தில் ‘லாங் ஐ’ என்று அவர்கள் சொல்வது நம் ஈ அல்ல, ஐ. இந்தத் தப்பை நானே இரண்டு வருடம் செய்திருக்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

வயதைவிட, பிள்ளை கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின், கட், ஹாட், ரெட் மாதிரி மூன்றெழுத்துச் சொற்களை ஓசை கூட்டித் தடுமாறாமல் படிக்கிறதா? நீங்கள் சொன்னால் எழுதுகிறதா? அப்படியானால் தொடங்கலாம். இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில் இது முதலாம் ஆண்டில், அதாவது ஐந்து ஆறு வயதில் வருகிறது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பின் நடுவில் தொடங்கினாலும் தாமதம் இல்லை. யூகேஜியிலேயே முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுத்துகிற பள்ளிகள் உண்டு. மூன்றெழுத்து நிலைக்காத பிள்ளையிடம் இதைக் கொண்டுபோனால் இரண்டும் கலங்கிப்போகும்.

புத்தகத்தில் கேக், லேக், நேம் என்றுதான் ஆரம்பிக்கிறது. அதையே தொடங்கலாமா?

வேண்டாம் என்பேன். நான் பார்த்த புத்தகங்கள் பெரும்பாலும் ஏ-யில்தான் தொடங்குகின்றன. அகரவரிசையில் முதலில் வருகிறது, ஆங்கிலம் பேசுகிற வீட்டுப் பிள்ளைக்குச் சிக்கலும் இல்லை. நம் பிள்ளைக்குத்தான் அது மிகக் கடினமான வாசல்.

காரணம் காது. சி-ஏ-பி என்பது தீபாவளித் துப்பாக்கிக்குப் போடுகிற ரோல் கேப்பில் இருக்கிற கேப். சி-ஏ-பி-இ என்பது சூப்பர்மேன் தோளில் தொங்குகிற துணி. அதையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: கேப். இரண்டும் ஒன்று! நம் எழுத்தில் மட்டுமல்ல, பேச்சிலும் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றுதான். ‘இ போட்டால் ஓசை மாறும், கேள்’ என்று நாம் சொல்கிறோம், பிள்ளை கேட்கிறது, எதுவும் மாறவில்லை. அது பாவம், தலையை ஆட்டிவிட்டு மனப்பாடத்துக்குப் போய்விடுகிறது. என் மகளுக்கு நான் இப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வாரம் கழித்து, ‘அம்மா, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, எதுக்கு அந்த இ?’ என்றாள். அன்றுதான் எனக்கே உறைத்தது.

ஐ-யில் தொடங்குங்கள். பின், பைன். ஃபின், ஃபைன். ரிப், ரைப். கிட், கைட். இ-யும் ஐ-யும் தமிழ்க் காதுக்கு இரவும் பகலும் மாதிரி. ஓசை மாறியது பிள்ளைக்கு உடனே கேட்கும். ‘அட, ஆமா!’ என்று அதன் முகம் மாறுகிற அந்தக் கணம்தான் பாடம், மீதியெல்லாம் பயிற்சி. அடுத்து ஓ: நாட், நோட். ஹாப், ஹோப். ராட், ரோட். இதிலும் ஆ-வும் ஓ-வும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். விதி இந்த இரண்டில் உறுதிப்பட்ட பிறகு ஏ-க்குப் போகலாம். அப்போது காது ஏமாற்றினாலும் கண்ணுக்கு விதி தெரிந்திருக்கும்.

யூ அதற்குப் பிறகு: கட், கியூட். டப், டியூப். டியூப்லைட்டில் இருக்கிற அதே டியூப். இதில் ஒரு கிளை உண்டு. ரூல், ஜூன், ஃப்ளூட் போன்றவற்றில் ‘யூ’ என்று வராமல் வெறும் ‘ஊ’தான் வரும். பிள்ளைக்கு இதை விளக்க வேண்டாம், சொல்லிப் பார்த்தால் வாயே வழி காட்டிவிடும். நடுவிலும் இ, கடைசியிலும் இ என்று வருபவை சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தில் மிகக் குறைவு. தீஸ் என்ற ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேப், கேப் இரண்டையும் எப்படித்தான் பிரித்துக் காட்டுவது?

ஆடு கத்துகிறதை மே என்று எழுதுகிறோம். ஆனால் பிள்ளையை ஆடு மாதிரி கத்தச் சொல்லுங்கள். நம் மே என்ற எழுத்தின் ஓசை வராது, தாடை கீழே இறங்கி, வாய் அகலத் திறந்து வேறு ஓர் ஓசை வரும். அதுதான் முதல் கேப்பின் ஓசை. பேட், மேன், கேட் (பூனை) எல்லாம் ஆட்டு ஓசை.

இரண்டாவது கேப்புக்கு, தெருவில் யாரையோ ‘ஏய்!’ என்று கூப்பிடச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு ய் ஒட்டிக்கொண்டு வரும். கேய்ப், கேய்க், நேய்ம். இது ஏய் ஓசை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னால் தாடை இறங்குவதும் இறங்காததும் கைக்குத் தெரியும். நான் ஒரு சொல் சொல்வேன். ஆட்டு ஓசை என்றால் தலையில் இரண்டு விரல் கொம்பு, ஏய் ஓசை என்றால் கை நீட்டிக் கூப்பிட வேண்டும். எழுத்தே இல்லாமல் ஒரு வாரம் இந்த விளையாட்டு மட்டும் போதும். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதீர்கள்.

உங்களுக்கே இந்த இரண்டு ஓசையும் பிரிந்து வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யூடியூபில் ஆங்கிலேயர் பேசுவதைப் போட்டுவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.

லைக் என்பதை ‘லிகே’ என்று படிக்கிறான். எத்தனை தடவை சொன்னாலும் மாறவில்லை.

அவன் தமிழை ஒழுங்காகப் படித்திருக்கிறான் என்று அர்த்தம். தமிழில் எழுதிய எழுத்தெல்லாம் ஒலிக்கும். எழுதிவிட்டுச் சொல்லாமல் விடுகிற பழக்கமே நம்மிடம் இல்லை. அதனால் எல்-ஐ-கே-இ என்று நான்கு இருந்தால் நான்கையும் சொல்லிவிட வேண்டும் என்பது அவன் நேர்மை.

அதே தமிழையே துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் ‘கா’ என்று எழுதுங்கள். க-வுக்குப் பக்கத்தில் இருக்கும் காலைக் காட்டி ‘இது என்ன சொல்லுது?’ என்று கேளுங்கள். ‘ஆ’ என்பான். அடுத்து ‘கொ’ என்று எழுதுங்கள். ‘இங்கேயும் அதே கால் இருக்கே, இது ஆ சொல்லுதா?’ சொல்லவில்லை. முன்னால் நிற்கிற கொம்போடு கைகோத்து ‘ஒ’ என்ற ஓர் ஓசையைத் தருகிறது. நடுவில் க நிற்கிறது, இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி; இரண்டும் சேர்ந்தால்தான் ஓசை. இப்போது லைக்கை எழுதி, ஐ-யையும் இ-யையும் சிவப்புப் பேனாவால் வளைவு போட்டு இணையுங்கள். நடுவில் கே நிற்கிறது. ஐ முன்பாதி, இ பின்பாதி. இங்கிலாந்து ஆசிரியர்கள் இதைப் ‘பிரிந்த இரட்டையெழுத்து’ என்ற பொருளில்தான் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் தம் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது; நம் பிள்ளைக்கோ கொம்பும் காலும் ஒன்றாம் வகுப்பிலேயே பழகிப்போனவை. வேறுபாடு ஒன்றுதான்: கொ-வில் க் முதலில், உயிர் பின்னால், லைக்கில் உயிர் முதலில், க் பின்னால்.

(ஒரு சின்ன எழுத்து உயிரோசையையே மாற்றிவிடும் என்பதும் நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடிகளில் கெ, கே இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருந்தன. படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்றைய இரட்டைக்கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்பார்கள். அந்த இரண்டாம் சுழியும் தனியாக எதுவும் பேசுவதில்லை.)

‘லிகே’ போனதும் ‘லைக்கு’ வரலாம். அதையும் கவனியுங்கள். வீட்டில் கேக்கு, பைக்கு, நோட்டு என்றுதான் பேசுகிறோம். வல்லெழுத்தில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் ஓர் உகரத்தைச் சேர்ப்பது தமிழின் இயல்பு. சில பிள்ளைகள் அந்தக் ‘கு’வில் இருக்கிற உ-தான் கடைசி இ என்று தாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் புக், மில்க் எல்லாவற்றிலும் இ போட்டு எழுதுவார்கள். எந்தச் சொல்லில் எல்லாம் இ-யைத் தேவையில்லாமல் போடுகிறது என்று ஒரு பக்கம் குறித்துப் பாருங்கள். எல்லாம் ‘உ’ ஒட்டிப் பேசுகிற சொற்களாக இருந்தால் காரணம் இதுதான். கேக்கு வேண்டும் என்று கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது தமிழ். ஆங்கிலப் பாடத்தில் மட்டும் ‘கேக்’ என்று வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

படிக்கிறாள், ஆனால் எழுதும்போது இ-யை விட்டுவிடுகிறாள்.

படிப்பது வேறு, எழுதுவது வேறு. படிக்கும்போது இ கண்ணெதிரே நிற்கிறது. எழுதும்போது காதில் விழாத ஒன்றை நினைவிலிருந்து கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சில மாத இடைவெளி இருப்பது சாதாரணம்.

என் முறை இது. மூன்று கட்டம் போட்டுக்கொள்வோம். நான் ‘பைன்’ என்பேன். பிள்ளை ஓசைக்கு ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும்: ப், ஐ, ன். மூன்று கொட்டை, மூன்று கட்டம். பிறகு கொட்டையை எடுத்துவிட்டு அந்தந்தக் கட்டத்தில் எழுத்து எழுதுவோம். பி, ஐ, என். ‘இப்ப படி’ என்பேன். ‘பின்’ என்று படிப்பாள். ‘நான் என்ன சொன்னேன்?’ ‘பைன்.’ அங்கே ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்தில் நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. அவளே பென்சிலை எடுத்துக் கட்டத்துக்கு வெளியே, கொட்டை வைக்காத இடத்தில், இ-யைப் போடுவாள். கட்டத்துக்கு வெளியே என்பதுதான் முக்கியம்: ஓசை மூன்று, எழுத்து நான்கு என்று கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று கல்யாணப் பத்திரிகை அட்டை. நல்ல கெட்டி அட்டையில் நீளமாக ஒரு துண்டு வெட்டி, பி-ஐ-என் எழுதி, ஓரத்தைப் பின்பக்கமாக மடித்து அந்த மடிப்பில் இ எழுதுங்கள். மடித்தால் பின், விரித்தால் பைன். ஒரு முகூர்த்த மாதத்தில் வருகிற பத்திரிகைகளில் பத்துப் பதினைந்து ஜோடிச் சொற்கள் தயார் செய்துவிடலாம். மடிப்பதும் விரிப்பதும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

டிக்டேஷன் கொடுக்கும்போது இ உள்ளதும் இல்லாததும் கலந்து கொடுங்கள். பத்தும் இ-யில் முடிகிற சொல் என்றால் அது தேர்வே அல்ல. கடைசியில் ஒரு இ போட்டுக்கொண்டே போகலாம் என்று பிள்ளை மூன்றாவது சொல்லிலேயே கண்டுபிடித்துவிடும்.

ஒவ்வொரு சொல்லையும் ஐந்து தடவை எழுதச் சொல்கிறார்கள். பலன் உண்டா?

பக்கத்துத் தெருப் பையன் ஒருவனின் நோட்டில் பார்த்தேன். பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை முதலில் சி-யாக எழுதியிருந்தான், அப்புறம் ஏ-யாக, அப்புறம் கே-யாக, கடைசி வரிசையில் இ-யாக. ஐந்து கேக்கும் ஒரே சமயத்தில் வெந்துவிட்டன. அவன் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை.

எழுதியாக வேண்டும் என்றால், எழுத்தின் பெயரைக் கூவாமல் சொல்லைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ஒரு தடவை பார்த்து, பிறகு மூடிவிட்டு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. மூன்றே தடவை. வீட்டுப்பாடத்தில் ஐந்து கேட்டால் ஐந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள், டீச்சரோடு சண்டை எதற்கு.

விதி புரிந்துவிட்டதா, மனப்பாடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொய்ச் சொல் கொடுங்கள். அர்த்தமே இல்லாத ‘மைப்’, ‘ஸோம்’, ‘ஜைம்’ மாதிரி ஏதாவது நீங்களே உண்டாக்கி, ஆங்கிலத்தில் எழுதிப் படிக்கச் சொல்லுங்கள். முன்னால் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் மனப்பாடம் உதவாது. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்துகிற ஒலிமுறைத் தேர்வில் 40 சொற்கள். அதில் பாதி இப்படி உண்டாக்கிய சொற்கள்தான். அங்கே அவற்றை வேற்றுக்கிரக ஜந்துவின் பெயர் என்று படம் போட்டுக் கேட்பார்கள். என் வகுப்பில் அது பேயின் பெயர். பேய்க்குப் பேர் வைக்கப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டால் அரை மணி நேரம் சத்தம் ஓயாது.

ஹேவ், கிவ், கம் எல்லாம் விதியை மீறுகின்றனவே? பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

கேட்டால் சந்தோஷப்படுங்கள். விதி மனத்தில் நிற்காத பிள்ளைக்கு மீறல் கண்ணில் படாது.

இவற்றில் பாதி மீறலே அல்ல, இ-க்கு அங்கே வேறு வேலை. ஆங்கிலச் சொற்கள் வி என்ற எழுத்தில் முடிய விரும்புவதில்லை. அதனால் ஹேவ், கிவ், லவ், க்ளவ் எல்லாவற்றிலும் வி-க்கு முட்டுக்கொடுக்க ஓர் இ நிற்கிறது. நடுவில் இருப்பவரோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. ‘வி தனியா நிற்காது, விழுந்துடும், இ பிடிச்சுக்குது’ என்றால் ஆறு வயதுக்குப் போதும். வசிப்பது என்ற பொருளில் ‘லிவ்’ என்றும், நேரலை என்ற பொருளில் ‘லைவ்’ என்றும் ஒரே எழுத்துகளை இரண்டு விதமாகப் படிப்பதும் இதனால்தான். டிவியின் மூலையில் சிவப்பாக வருகிறதைக் காட்டுங்கள்.

டான்ஸ், ஐஸ், ஃபேஸ் இவற்றில் சி-யை ‘ஸ்’ என்று ஒலிக்கவைப்பது அந்த இ. பேஜ், லார்ஜ் இவற்றில் ஜி-யை ‘ஜ்’ ஆக்குவதும் அதுவே. ஐஸிலும் பேஜிலும் ஒரே இ இரண்டு வேலை பார்க்கிறது, சம்பளம் ஒன்றுதான். ஹவுஸ், ஹார்ஸ் இவற்றில் கடைசி எஸ் பன்மை அல்ல என்று காட்ட நிற்கிறது. டேபிள், ஆப்பிள், லிட்டில் இவற்றின் கடைசி அசையில் ஓர் உயிரெழுத்தாவது இருக்கட்டும் என்று நிற்கிறது.

கம், சம், டன், கான், ஒன், வேர் இவைதான் நிஜமான முரடர்கள். இவற்றுக்கு விதி தேடாதீர்கள். ஒரு தனி அட்டையில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, பார்க்கிறபோதெல்லாம் படியுங்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு சொல்தான் சின்ன வகுப்புக்கு.

ஆர் வந்தாலும் ஓசை கொஞ்சம் வளையும்: கேர், ஃபயர், மோர். இதைத் தனிப் பாடமாக்க வேண்டாம்.

சொல்லாத எழுத்தை எதற்காக எழுதினார்கள்?

ஒரு காலத்தில் சொன்னார்கள். நேம் என்ற சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘நம’ என்ற மாதிரி இரண்டு அசையாக ஒலித்தது. நாமம் என்ற வடசொல்லுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே. பிறகு முன் அசை நீண்டு, பின் அசை தேய்ந்து ‘நாமெ’ போல ஆயிற்று. ஏறத்தாழ 1400 வாக்கில் அந்தக் கடைசி உயிரும் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. அடுத்த முந்நூறு ஆண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில்கள் வரிசையாக இடம் மாறின: ஆ போன்றது ஏய் ஆனது, ஈ என்பது ஐ ஆனது. டைம் என்பதும் ஒரு காலத்தில் ‘டீம’ போலத்தான். பைனைப் ‘பீன்’ என்று படித்த பிள்ளை அறுநூறு ஆண்டு தாமதமாகப் பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

உதிர்ந்த உயிரின் எச்சத்தை ஓர் அடையாளமாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதை விதியாக விளக்கி எழுதியவர் ரிச்சர்ட் மல்காஸ்டர். லண்டன் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர், ஆண்டு 1582. இன்று உங்கள் பிள்ளை படிக்கிற பாடம் பெரும்பாலும் அவர் சொன்னதுதான்.

மழை என்பதற்கு ஆர்-ஏ-என்-இ என்று எழுதுகிறான். தப்புதானே?

எழுத்தில் தப்பு, கணக்கில் சரி. ரெயின் என்ற ஓசையை அவனுக்குத் தெரிந்த வழியில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான். சிவப்பு மையால் அடிக்காமல், ‘நல்லா யோசிச்சிருக்க, இந்தச் சொல்லுக்கு மட்டும் வேற வேஷம்’ என்று சொல்லி ஏ-ஐ ஜோடியைக் காட்டுங்கள். ஏய் ஓசை சொல்லின் கடைசியில் வந்தால் ஏ-ஒய் (டே, ப்ளே) என்பது நம்பத்தகுந்த விதி. நடுவில் வந்தால் ஏ-இ-யா, ஏ-ஐ-யா என்று சொல்ல விதி இல்லை, கண்தான் பழக வேண்டும். ஆடி மாதம் துணிக்கடை வாசலில் தொங்குகிற ‘சேல்’ இ-யில் முடியும்; படகின் பாய் என்கிற ‘செய்ல்’ ஏ-ஐ. ஓசை ஒன்றே.

மேக்கிங் என்று எழுதும்போது இ-யை வைத்துக்கொள்கிறாள்.

ஐ-என்-ஜி வந்து சேரும்போது டீச்சர் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். ஐ-யும் உயிரெழுத்து என்பதால் இ பார்த்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மேக், மேக்கிங். ரைட், ரைட்டிங். நாம் தமிழில் ‘ரைட்டிங்’ என்று இரண்டு ட் போட்டு எழுதுவதாலோ என்னவோ, ஆங்கிலத்திலும் இரண்டு டி போடுகிற பிள்ளைகள் ஏராளம், பெரியவர்களும் உண்டு. இரண்டு டி போட்டால் அது ‘ரிட்டிங்’ ஆகிவிடும். நொண்டியடிக்கிற ஹாப்புக்கு ஐ-என்-ஜி சேர்க்கும்போது இரண்டு பி, நம்பிக்கை என்ற ஹோப்புக்கு ஒரு பி: அந்த இரண்டாவது பி ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஐ, நடுவில் இருக்கிற ஓ-வை எட்டித் தொட முடியாது. இதை இரண்டாம் வகுப்புக்கு முன் தொடவே வேண்டாம்.

பஸ் போர்டில் வேலூருக்குக் கடைசியில் இ எதற்கு என்று கேட்கிறாள்!

நல்ல கேள்வி. நம் ஊர்ப் பெயர்களின் ‘ஊர்’ வெள்ளைக்காரர் காதில் ‘ஓர்’ என்று விழுந்தது. அவர்கள் அதை மோர், ஸ்டோர் மாதிரி ஓ-ஆர்-இ என்று எழுதிவிட்டார்கள். வேலூர், கடலூர், தஞ்சாவூர், கோயம்புத்தூர் எல்லாவற்றின் பழைய ஆங்கில வடிவமும் இப்படி ஒரு பேசாத இ-யில் முடிகிறது. எழும்பூரும் எக்மோர் ஆனது இதே வழியில்தான். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. வேலூருக்கும் கோவைக்கும் புதிய எழுத்து வந்தது. பலவற்றில் ஊர் என்பதற்கு இரண்டு ஓ. கிண்டலும் விவாதமுமாகக் கிளம்பி, சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இ-க்கள் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டன.

பயணத்தில் போர்டு படிக்கிற விளையாட்டு நல்ல பயிற்சி. கேட், பைப், டைல்ஸ், மொபைல், ஹோம், சேல்: நான்கு கடை தாண்டுவதற்குள் ஐந்து இ கிடைக்கும்.

மூன்றாம் வகுப்பு வந்தும் பிடிபடவில்லை. கவலைப்பட வேண்டுமா?

முதலில் தமிழ் எப்படி வருகிறது என்று பாருங்கள். தமிழ் சரளமாக வந்து ஆங்கிலம் மட்டும் தடுமாறினால், பெரும்பாலும் மூன்றெழுத்து அடித்தளம் விட்டுப்போயிருக்கும். பின்னால் போய் அங்கிருந்து வாருங்கள். தமிழிலும் எழுத்து கூட்டுவது கடினமாக, நேற்றுப் படித்தது இன்று புதிதாக இருந்தால், திட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. சோம்பேறி என்ற பட்டம் மட்டும் வேண்டாம்.

எல்லாம் சரியாகப் படிக்கிறான். நேற்று ஒரு போர்டைப் பார்த்து ‘கேஃப்’ என்றான்.

சி-ஏ-எஃப்-இ. விதிப்படி கேஃப்தான், அவன் மேல் தப்பே இல்லை. அது பிரெஞ்சுக்காரர் சொல், அவர்கள் ஊரில் அந்த இ-க்குத் தலைமேல் ஒரு கோடு இருக்கும், வாய் திறந்து பேசும். இங்கே வரும்போது கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறது. உள்ளே கூட்டிப்போய் ஒரு பால் வாங்கிக் கொடுத்து, மெனு கார்டை அவன் கையில் கொடுங்கள். அதில் லைம் இருக்கும், கேக் இருக்கும்.